மெட்ரிக் முதல் கிரெடிட் வரை: பட்டம் வந்த பாதை



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "ஹாஸ்டல் ஞாபகம், குற்றாலச் சாரல், ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். அதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே பலர் இருக்கிறார்கள். நான் பண்பொழிக்காரன். நம் கல்லூரியில் படித்துவிட்டு, வேறொரு கல்லூரியின் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவன். என் கையில் ஓடியதெல்லாம் டி.சி., மார்க் ஷீட், தகுதிச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ். ஆகவே எனக்குத் தெரிந்த சரித்திரத்தையே எழுதுகிறேன். ஒரு பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்ற விதி நம் நாட்டில் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்பதுதான் அது.

ஊரில் இன்றைக்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "அண்ணாச்சி, இந்தப் பட்டம் செல்லுமா?" என்பதுதான். படித்தது செல்லுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. காகிதம் செல்லுமா என்றுதான் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

படித்தது யாழ்ப்பாணம், பட்டம் சென்னை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-ஆம் தேதி சட்டப்படி உருவானது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் பிறந்தவை. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். இந்தப் பல்கலைக்கழகங்கள் ஆரம்பத்தில் வகுப்பு நடத்தவில்லை. அவற்றின் வேலை தேர்வு நடத்துவது, தேறியவருக்குப் பட்டம் கொடுப்பது, அவ்வளவுதான். பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் பொறுப்பு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் படித்தது வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-இல் தொடங்கிய செமினரியில். அந்தச் செமினரி 1855-இலேயே மூடப்பட்டுவிட்டது. அதாவது, பல்கலைக்கழகம் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அவர்கள் படித்த இடம் இல்லாமல் போயிற்று. கடல் கடந்து கொண்டுவந்த படிப்பைத் தேர்வு எழுதிக் காட்டினார்கள், பட்டம் கிடைத்தது. பிற்காலத்தில் கலித்தொகையைப் பதிப்பித்தவரும் இதே தாமோதரம் பிள்ளைதான்.

அடுத்த வருஷமே, 1858-இல், லண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை எங்கே படித்தவரும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. இலங்கையில் 1942-இல் சொந்தப் பல்கலைக்கழகம் வரும் வரையில் அங்குள்ளவர்கள் லண்டன் பட்டத்தை உள்ளூரில் இருந்தபடியே எழுதி வாங்கினார்கள். 'எங்கே படித்தாய்?' என்பதைவிட 'என்ன தெரியும்?' என்பதே அந்த விதியின் சாரம். நல்ல விதிதான். ஆனால் அதிலும் ஒரு முள் இருந்தது.

ஒன்றில் போனால் எல்லாம் போச்சு

அந்த நாளில் ஏணி இப்படி: முதலில் மெட்ரிகுலேஷன், அதன்மேல் இரண்டு ஆண்டு எஃப்.ஏ., அதற்கும் மேல் பி.ஏ. எஃப்.ஏ. வரை மட்டும் நடத்திய கல்லூரிக்கு 'இரண்டாந்தரக் கல்லூரி' என்று பெயர். தரம் குறைவு என்ற அர்த்தத்தில் அல்ல, படி குறைவு என்ற அர்த்தத்தில். திருநெல்வேலி இந்துக் கல்லூரி 1878-இல் அப்படித் தொடங்கியதுதான். நம் தாமிரபரணிச் சீமைப் பையன்கள் மேலே படிக்கத் திருச்சிக்கோ சென்னைக்கோ மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

எஃப்.ஏ.யில் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் மொத்தமும் தவறியதுதான். தேறிய பாடத்தைச் 'சேமித்து' வைக்க வழி கிடையாது. இதற்கு உலகமறிந்த உதாரணம் கணிதமேதை சீனிவாச ராமானுஜன். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் போகவில்லை, உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. எழுதினார், தேறவில்லை. 1907-இல் தனித்தேர்வராக எழுதினார், அப்போதும் தேறவில்லை. கணக்கில் அவருக்கு நிகர் இல்லை என்பது அந்த விதிக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். 1913-இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914-இல் கேம்பிரிட்ஜ் அவரைச் சேர்த்துக்கொண்டது. வழக்கமான முன்தகுதி அவரிடம் இல்லை, அதைத் தளர்த்தினார்கள். 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் தந்தார்கள். எஃப்.ஏ. தேறாதவர் கேம்பிரிட்ஜ் பி.ஏ. ஆனார். விதி என்பது மனிதர் போட்டது, மனிதர் நினைத்தால் தளர்த்தலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் தளர்த்த வைக்க ஒரு ஹார்டி வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஹார்டி கிடைப்பாரா?

கல்லூரி நகரவில்லை, பல்கலைக்கழகம் நகர்ந்தது

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. 1950-களின் பிற்பகுதியில் இன்டர்மீடியட் போய் ஓராண்டு பி.யூ.சி.யும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பும் வந்தன. கோத்தாரி கமிஷன் 1966-இல் அறிக்கை கொடுத்தது. அதன் 10+2+3 கணக்குப்படி தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு 1980-இல் நடந்தது. அத்தோடு பி.யூ.சி. சரித்திரமாயிற்று. நம்மில் சிலர் பி.யூ.சி. கோஷ்டி, சிலர் பிளஸ் டூ கோஷ்டி. சங்கக் கூட்டத்தில் உட்காரும்போதே தெரிந்துவிடும்!

இதற்கிடையில் பகுதி முறை வேரூன்றியது. மொழி ஒரு பகுதி, ஆங்கிலம் ஒரு பகுதி, முக்கியப் பாடம் ஒரு பகுதி. தேறிய பகுதி தேறியதுதான், தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம். ராமானுஜனுக்குக் கிடைக்காத சலுகை இது. இதிலிருந்துதான் நம் அருமை 'அரியர்' பிறந்தது. அரியர் வைத்தவனைக் கேலி செய்கிறோம். ஆனால் பாடத்தைச் சேமித்து வைக்கலாம் என்ற எண்ணத்தின் முதல் வடிவம் அந்த அரியர்தான் என்று நான் சொல்வேன்.

எல்லைகளும் மாறின. பண்பொழிக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம். அங்கே 1937-இல் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், இங்கே சென்னைப் பல்கலைக்கழகம். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும், உன் தேர்வும் எங்கள் தேர்வும் சமம் என்ற தகுதிச் சான்றிதழ் வேண்டும். நடந்து போகிற தூரம்தான். ஆனால் படிப்புக்கு அது வேறு தேசம்.

அப்புறம் ஒரு விசித்திரம். ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி 1963-இல் தொடங்கியது. அப்போது நெல்லைச் சீமைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. அதே கட்டடம், அதே வேப்பமரம், சான்றிதழில் மட்டும் மூன்று பெயர். வெளியூர் வேலைக்குப் போனவர்கள், "ஏன் சார், உங்க அண்ணன் ஒரு யுனிவர்சிடி, நீங்க ஒரு யுனிவர்சிடியா? காலேஜ் ஒண்ணுதானே?" என்று விசாரிக்கப்பட்ட கதை எனக்குத் தெரியும்.

குற்றாலத்தில் 1964-இல் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கியதும் எங்கள் பகுதிக்குப் பெரிய திருப்பம். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கல்லூரி இருந்தால்தான் அனுப்புவோம் என்ற வீட்டுப் பெண்களுக்கு அதற்குப் பிறகே பட்டம் என்பது சாத்தியமாயிற்று. அதற்கு முன்பு அவர்களைத் தடுத்தது பல்கலைக்கழக விதி அல்ல. பஸ் போகாத தூரமும் ஒரு விதிதான்.

குமாஸ்தா துணைவேந்தர் ஆனார்

கல்லூரி வாசலே மிதிக்காமல் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடம் உண்டு. பள்ளி ஆசிரியர்கள் பலர், பகலில் பாடம் நடத்திவிட்டு இரவில் அரிக்கேன் விளக்கில் படித்து, 'பிரைவேட்டாக' எழுதியே பி.ஏ. ஆனார்கள். தமிழ் படித்தவர்களுக்கு வித்வான் தேர்வு என்று ஒரு தனிவழி இருந்தது.

அந்த வழியில் வந்தவர்களில் தலையாயவர் டாக்டர் மு.வ. பள்ளிப் படிப்பு முடித்து, திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். தாமே படித்து 1935-இல் வித்வான் தேர்வில் முதலிடம் பெற்று, திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசையும் வென்றார். 1939-இல் பி.ஓ.எல்., 1944-இல் எம்.ஓ.எல்., 1948-இல் டாக்டர் பட்டம். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். நம் கல்லூரிகளெல்லாம் அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். என் போன்ற குமாஸ்தாக்கள் அவர் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்ததில் ஆச்சரியம் உண்டா?

அதே 1971-இல்தான் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. தனியாகப் படித்து உயர்ந்த ஒருவர் துணைவேந்தராக இருந்த காலத்தில், தனியாகப் படிப்பவர்களுக்குத் தபாலில் பாடம் போனது. அந்தப் பொருத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தபாலில் வந்த கல்லூரி

இந்தியாவில் அஞ்சல் வழிக் கல்வியை முதலில் தொடங்கியது டெல்லிப் பல்கலைக்கழகம், 1962-இல். மதுரைக்குப் பிறகு 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகம். 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பண்பொழித் தபால்காரர் தடித்த பழுப்பு உறையோடு வந்தால், அந்த வீட்டில் யாரோ பி.ஏ. படிக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும்.

இதில் 'அஞ்சல் வழி' வேறு, 'திறந்தவெளி' வேறு. அஞ்சல் வழியில் சேரப் பி.யூ.சி.யோ பிளஸ் டூவோ தேறியிருக்க வேண்டும். திறந்தவெளியில் அது இல்லாமலே, வயது நிரம்பியவர் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர முடிந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985-ஆம் ஆண்டு விதிகளே, முன்படிப்பு இல்லாதவர் 21 வயது நிரம்பி நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைநிலையில் முதல் பட்டப் படிப்பில் சேரலாம் என்றன. அதே விதிகள், மூன்றாண்டு முதல் பட்டம் இல்லாதவர் எம்.ஏ.யில் சேரக் கூடாது என்றும் சொல்லின. முதல் வரியை எல்லாரும் படித்தார்கள். இரண்டாம் வரியைப் பலர் படிக்கவில்லை. பட்டமே இல்லாமல் நேராக எம்.ஏ. என்று சேர்க்கை நடந்தது. ஜனங்கள் நம்பிப் பணம் கட்டினார்கள்.

2009-ஆம் ஆண்டு

முடிச்சு 2009-இல் இறுகியது. முதல் பட்டம் இல்லாமல் திறந்தவெளியில் பெற்ற எம்.ஏ. பற்றிய ஒரு வழக்கில், 1985 விதிகள் திறந்தநிலைப் படிப்புக்கும் பொருந்தும் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு, ஆகஸ்ட் 18-ஆம் தேதி தமிழ்நாடு அரசின் 107-ஆம் எண் அரசாணை வந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது தேறி, அதன் பிறகு திறந்தநிலையில் வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்பது அதன் சாரம்.

எங்கள் ஊரில் ஒரு தம்பி. பத்தாவதோடு படிப்பு நின்றுபோய், செங்கோட்டைப் பக்கம் மர மில்லில் வேலைக்குப் போனவர். ஒரு பல்கலைக்கழகத்தின் திறந்தவெளித் திட்டத்தில் நுழைவுத் தேர்வு எழுதி, பி.ஏ. தமிழ் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பஸ் ஏறிப் போய், மூன்று வருஷத்தில் முடித்தார். போட்டித் தேர்விலும் நல்ல மார்க். சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "பிளஸ் டூ மார்க் ஷீட் எங்கே?"

என்னிடம் வந்தார். அரசாணையை இரண்டு முறை படித்துக் காட்டினேன். "அண்ணாச்சி, நான் சேரும்போது இப்படி ஒண்ணும் சொல்லலியே. அப்போ நான் படிச்சது படிப்பில்லையா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. முப்பது வயதுக்கு மேல், பிள்ளைகளோடு வரிசையில் நின்று தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதினார். பிறகு மறுபடியும் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தார். ஒரே மனுஷன், ஒரே பி.ஏ., ரெண்டு தடவை. முதல் பி.ஏ.யில் படித்த அதே சிலப்பதிகாரத்தைத்தான் இரண்டாவதிலும் படித்தார். முதலில் தேறிய ஒரு தாளைக்கூட அடுத்ததில் கழித்துக்கொள்ள முடியவில்லை.

அரசு பக்கத்து நியாயமும் உண்டு, மறுக்கவில்லை. பள்ளிப் படியே ஏறாமல் எம்.ஏ. என்றால், பன்னிரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்தவன் கேட்க மாட்டானா? 2012, 2013 வாக்கில் நம் ஆசிரியர் நண்பர்களைப் பிடித்து ஆட்டிய 'இரட்டைப் பட்டம்' வழக்கும் இதே கேள்விதான். ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவர், மொழிப் பகுதிகளுக்கு விலக்குப் பெற்று, முக்கியப் பாடத்தை மட்டும் ஓராண்டில் எழுதி இன்னொரு பட்டம் வாங்கினார். அது மூன்றாண்டு படித்த பட்டத்துக்குச் சமமா என்று பதவி உயர்வில் தகராறு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. மூன்றாண்டு படித்தவர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது.

பொறியியல் பக்கமும் பாருங்கள். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வைத் தேறினால் பி.இ.க்குச் சமம் என்று தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த அங்கீகாரம் என்று மத்திய அரசு கோடு போட்டது. இதில் ஒரு நாகரிகம் இருக்கிறது: 'இந்தத் தேதி வரை வந்தவர்கள் பயப்பட வேண்டாம்.' பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரும் வழி இன்னும் நல்ல ஏற்பாடு. அதற்காகக் காரைக்குடிக் கலந்தாய்வுக்குப் போய்வந்த பையன்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். படித்த படிப்பைக் கழித்துக்கொண்டு மேலே ஏற்றிவிடும் ஏணி அது.

இப்போது கிரெடிட்

இனி இன்றைய நிலவரம். 'கிரெடிட்' என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் வளர்ந்த கணக்கு. வாரம் ஒரு மணி நேரம் ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட் என்பது பொதுவான அளவு. நம் பக்கம் இதற்கு நிலம் பண்படுத்தியவை 1978-இல் தன்னாட்சி பெற்ற லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் போன்றவை. 2008-09 முதல் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் விருப்பப் பாட கிரெடிட் முறை பரவியது. இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் என்று கணக்கானது.

2016-இல், 'ஸ்வயம்' இணையப் பாடங்களில் 20 சதவீதம் வரை கல்லூரிக் கணக்கில் ஏற்கலாம் என்று மானியக் குழு விதி செய்தது. 2021-இல் அது 40 சதவீதமானது. 2021 ஜூலை 28-இல் 'கிரெடிட் வங்கி' விதிகள் வந்தன. மாணவர் பெயரில் ஒரு கணக்கு, தேறிய பாடம் அதில் வரவு, கல்லூரி மாறினால் கூடவே வரும். பொதுவாக ஏழு ஆண்டுவரை செல்லும். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும் என்றும் அந்த விதி கூறியது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோ, ஓராண்டில் விலகினால் சான்றிதழ், இரண்டாண்டில் டிப்ளமா, மூன்றாண்டில் பட்டம் என்கிறது. தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. பாதியில் நிற்பதை இது பழக்கமாக்கிவிடும் என்பது இங்கே எழுந்த முக்கியமான மறுப்பு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரண்டிலும் உண்மை இருக்கிறது. பாதியில் நின்ற பிள்ளை மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் 'போ' என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு, 'வா' என்ற கதவைக் கவனிக்காவிட்டால், வெளியே போகிறவர்கள் நம் மர மில் தம்பி போன்றவர்கள்தான். வங்கியில் வரவு இருந்து என்ன பயன், வேலை கொடுக்கிறவர் அந்தக் காசோலையை ஏற்காவிட்டால்?

சங்கத்துக்கு என் விண்ணப்பம்

இந்த நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதையில் நான் கண்டது ஒன்றுதான். விதி மாறுவது தவறில்லை, அது மாறித்தான் ஆகும். ஒரு விதியை நம்பி உள்ளே வந்தவரை இன்னொரு விதியால் அளப்பதுதான் தவறு. பட்டத்துக்கான விதியைப் பல்கலைக்கழகம் எழுதுகிறது. வேலைக்கான விதியை அரசு எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவன் மாணவன். அவனிடம் யாரும் இரண்டையும் சேர்த்து வாசித்துச் சொல்வதில்லை.

அந்த வேலையை நம் சங்கம் செய்யலாம். சேர்க்கைக் காலமான மே, ஜூன் மாதங்களில் தென்காசியில் ஒரு மேஜையும் நான்கு நாற்காலியும் போடுவோம். நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலர்கள் இருக்கிறோம், முறை வைத்து உட்காரலாம். பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளை அங்கே கேட்கச் சொல்வோம்: இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா? பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை சரியாக இருக்கிறதா? நான் குறிவைக்கும் வேலைக்கு இது ஏற்கப்படுமா? பதில்களை எழுத்தில் வாங்கி, சேர்க்கை ரசீதோடும் அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தோடும் ஒரே ஃபைலில் வைக்கச் சொல்வோம். பிற்காலத்தில் விதி மாறி, 'நான் சேர்ந்தபோது இதுதான் விதி' என்று காட்ட வேண்டி வந்தால், கையில் இருக்கும் ஆயுதம் அந்த ஃபைல்தான்.

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கொடுப்பது புண்ணியம். அந்தப் பிள்ளை ஒரே பட்டத்தை இரண்டு தடவை படிக்காமல் பார்த்துக்கொள்வதும் அதே புண்ணியம்தான். விருப்பமுள்ள நண்பர்கள் விழா நாளன்று செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!